தேதி போடாத போஸ்டர்

முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. அதனால் வரி கோணலாக ஓடும். எழுதச் சொன்ன ஃபாதர் எல்லாவற்றையும் திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வாயால் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதுவது பரவாயில்லை, காகிதம் திரும்பிப் பார்க்காது.

செக் நாட்டு ஓவியர் ஒருவர் போன வருஷம் அவர் ஊரில் இறந்துபோனார். அவருக்கு இடது கைப்பழக்கம். அந்தக் கை திருச்சியில்தான் போனது. ஏணியிலிருந்து விழுந்து கை நசுங்கியது என்றுதான் அவர் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அப்படிச் சொன்னது அவரேதான். அப்போது இங்கே இருந்த அவருடைய மகள் மட்டும் அதை நம்பவில்லை. நடந்ததைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஃபாதரிடம் விசாரித்திருக்கிறார். பார்த்தவன் நான். அந்தக் கை எப்படிப் போனது, அதற்குப் பிறகு அவர் வரைந்தாரா இல்லையா என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்குப் போஸ்டர் ஒட்டுகிற வேலை. தென்னூரில் ஒரு அச்சகத்துக்கு ஒட்டினேன். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். விடிகிற நேரத்தில் சைக்கிளில் ஏணியைக் கட்டி, பசை வாளியை மாட்டி, பாலத்தைத் தாண்டிப் போவேன். அப்போது ஊரில் இரண்டு பெரிய நடிகர்களின் ரசிகர் மன்றங்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டிருந்தன. வெட்டிக்கொண்டன என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. படம் வந்த அன்று தியேட்டர் வாசலில் கோலி சோடா பாட்டில் பறக்கும். சைக்கிள் செயினைத் துண்டில் சுற்றிக்கொண்டுதான் டிக்கெட் வாங்கப் போவார்கள்.

அந்த அடிதடியிலும் சுவருக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஒரு போஸ்டரில் போட்டிருக்கும் தேதி முடிகிற வரை அதன் மேல் இன்னொன்றை ஒட்டக் கூடாது. தேதி முடிந்துவிட்டால் எதிரி மன்றத்துப் போஸ்டராக இருந்தாலும் மேலே ஒட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கிழிக்க மட்டும் கூடாது. ஒட்டினால் மறைத்ததாகத்தான் கணக்கு. கிழித்தால் முகத்தைக் கிழித்ததாகிவிடும். எங்களோடு தென்னூரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒருவர், உப்பிலியபுரத்துக்காரர், புதுப் போஸ்டர் சமமாக உட்காரவில்லையே என்று கீழே புடைத்துக்கொண்டிருந்த பழையதை இழுத்துவிட்டார். அது நடிகரின் பாதி உதட்டோடு கிழிந்து வந்துவிட்டது. அவரைச் சுவரோடு பிடித்து வைத்துக்கொண்டு அவர் வாளிப் பசையையே கண்ணில் ஊற்றினார்கள். பசையில் மயில்துத்தம் கலந்திருப்போம், ஆடு தின்னாமல் இருக்க. அவருக்கு ஒரு கண் போயிற்று. ஊருக்குத் திரும்பிப் போனவர் பிறகு வரவே இல்லை.

அந்தப் பசையை ஊற்றிய கூட்டத்துக்குத் தலைவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். ஒரு மன்றத்தின் செயலாளர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழைய வெங்காய மண்டியின் நீளச் சுவர் இருந்தது. எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்கினாலும் அந்தச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். அது அவர் கையில் இருந்தது. அதில் ஒட்டுவதென்றால் நான்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

ஓவியரை நான் பார்த்தது எழுபத்தைந்தாம் வருஷம் கோடையில். பாய்லர் தொழிற்சாலையில் அவருடைய மாப்பிள்ளை இன்ஜினியர். அந்தக் குவார்ட்டர்ஸில் மகள் வீட்டில் தங்கி, தினமும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து, பாதியில் நின்றிருந்த மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வரைவார். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கழுத்து செங்கல் நிறமாகியிருந்தது. நான் ஒரு கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்து பார்த்தார். பிறகு நார் பிரஷைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். நடுவில் ஒரு இழுப்பு, அங்கிருந்து வெளியே நாலு இழுப்பு, இடது கையாலேயே. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இந்த ஆள் போஸ்டர் ஒட்டியவர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு எதற்கு? நான் போகிற இடமெல்லாம் வர ஆரம்பித்தார்.

ஃபாதர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஜெர்மன் பேசுவார். ஓவியருக்கும் ஜெர்மன் தெரியும். அவர்களுக்குள் அப்படித்தான் பழக்கம். அவருடைய வேலைகள் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தை ஃபாதர் எனக்குக் காட்டினார். பார்த்து எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. அவர்கள் ஊர்த் தபால்தலை அவர் வரைந்தது. தீப்பெட்டி மேல் ஒட்டுகிற படம் அவர் வரைந்தது. பிள்ளைகள் புத்தகத்தில் நரி, கரடி, பொம்மலாட்டப் பொம்மைக்கு முகம், நாடகத்துக்குத் திரை, பீர் பாட்டில் லேபிள், போஸ்டர் எல்லாம் அவர்தான். அச்சு எழுத்துக்கே வடிவம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"இவ்வளவும் ஒரே ஆளா ஃபாதர்?" என்றேன்.

"ஒரே ஆளு, ஒரே கை. அதுவும் இடது கை" என்றார் ஃபாதர்.

ஒன்று மட்டும் விசித்திரமாகப் பட்டது. அவர் போட்ட ஒரு போஸ்டரிலும் படத்துக்குப் பின்னால் நிரப்புகிற சிவப்புத் தரை இல்லை. நம் ஊரில் சிவப்பு இல்லாமல் போஸ்டர் ஏது? கேட்கத் தோன்றியது. கூச்சத்தில் கேட்கவில்லை.

அவருக்கு மண்டிச் சுவர் மேல் ஆசை வந்தது. வருஷக்கணக்காக ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அது மெத்தை கனத்துக்கு இருந்தது. விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒருநாள் மயில்துத்தத்தையும் மதிக்காமல் ஒரு ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று நடிகரின் கன்னத்தைக் கடித்து இழுத்தது. பக்கத்தில் மன்றத்துப் பையன்கள் பீடி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓவியர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார். கூட வந்திருந்த ஃபாதர் அதைத் தமிழில் என்னிடம் கேட்டார்.

"ஆட்டுக்கு ஏதுங்க மன்றம்?" என்றேன். அப்படியே சட்டத்தையும் சொன்னேன். தேதி முடிந்தால் மேலே ஒட்டலாம், கிழிக்கக் கூடாது. உப்பிலியபுரத்துக்காரரின் கண்ணையும் சொன்னேன். ஃபாதர் ஜெர்மனில் எடுத்துச் சொன்னார். ஓவியர் மிகவும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். கிழிக்கக் கூடாது, புரிகிறது, கிழிக்க மாட்டேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சொன்னபடியே செய்தார். வினை அதில்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம். மண்டிச் சுவரில் என் ஏணியைச் சாத்திவிட்டு டீ வாங்கப் போனேன். அவர் ஏணியடியில் நின்றிருந்தார். கடையில் கூட்டம். நான் இரண்டு கிளாஸோடு திரும்பி வந்தபோது அவர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடது கையில் மெல்லிய கத்தி. வலது கக்கத்தில் பலகை போல ஒரு பெரிய வில்லை. மச்சானுடைய நடிகரின் முகம் முழுசாக, கீழே உள்ள ஏழெட்டுப் போஸ்டர்களோடு சேர்ந்து வந்திருந்தது. ஓரத்தை நனைத்து, பின்பக்கமாகக் கத்தியை விட்டு, பலாச்சுளையை எடுப்பது போல எடுத்திருந்தார். மேலே ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்து, கிழிக்கவில்லை பார் என்பது போல அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

நான் சுவரைப் பார்த்தேன். எடுத்த இடத்தில் எதிரி மன்றத்து நடிகர் இருந்தார். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய படம். வெயில் படாமல் உள்ளேயே கிடந்ததால் இன்றைக்கு அச்சடித்தது போலப் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மேட்னி இடைவேளை போலிருக்கிறது. மச்சான் ஆட்களோடு ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். பாதி ரோட்டில் நின்று சுவரைப் பார்த்தார்.

"யார்ரா ஏணி குடுத்தது?" என்றார்.

"மச்சான், அவருக்கு விவரம் தெரியாது" என்றேன்.

"நீ பேசாத மாப்ளே. நீ ஒட்டுறவன். ஒட்டுறதோட நின்னுக்க."

"கிழிக்கலை மச்சான். பாருங்க, முழுசா இருக்கு. மூக்குகூட நசுங்கலை."

"முழுசா எடுத்துட்டானா? அப்ப அங்க பல்லக் காட்டுறானே, அவன் யாரு? உங்க சித்தப்பனா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவன் ஓவியரின் சட்டையைப் பிடித்து, "எந்தக் கையிடா? எந்தக் கையால எடுத்த?" என்று அவர் கைகளை மாறி மாறித் தட்டிக் கேட்டான். எப்படி எடுத்தாய் என்று கேட்கிறார்கள் என அவர் நினைத்துக்கொண்டார். சந்தோஷமாகக் கத்தியோடு இடது கையைத் தூக்கி, காற்றில் அறுத்துக் காட்டினார்.

"பீச்சாங்கைண்ணே" என்றான் ஒருவன். "பீச்சாங்கையால அண்ணன் மூஞ்சியத் தொட்டுருக்காண்ணே."

"கத்திய வேற காட்டுறான்" என்றான் இன்னொருவன்.

செயின் வந்தது தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. அவர் காதுப்பக்கம் பிளந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. விழுந்தவரைப் புரட்டிப் போட்டு முதுகில் ஏறி நின்றார்கள். மச்சான் மண்டிக்குள் போய் ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து வந்தார். இருவர் அந்த இடது கையை ஏணிப் படியின் மேல் வைத்துப் பிடித்தார்கள்.

எனக்குப் பேச்சு வந்தது. என் ஆயுசில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "மச்சான், அது அவர் படம் போடுற கை மச்சான். சோத்துக் கை மாதிரி. அந்தக் கைதான் அவருக்கு எல்லாம்."

"பீச்சாங்கையில எவன்டா படம் போடுவான்?" என்றார் மச்சான். அவருக்கு அது பொய் என்றுதான் பட்டது. நான் அந்த விரல்களின் மேல் என் கையை வைத்தேன். செயின் என் விரல் முட்டிகளின் மேல் விழுந்தது. கை தானாக விலகிக்கொண்டது. படிக்கல் இறங்கியது. இரண்டாவது முறையும் இறங்கியது. மூங்கில் படி முறிந்த சத்தமும் விரல் முறிந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவர் கத்தியது எந்த மொழியிலும் இல்லை.

அதற்குள் எதிர் மன்றத்துக்குச் செய்தி போய்விட்டது, உங்கள் ஆள் சுவரில் திரும்பி வந்துவிட்டார் என்று. மாலை போட வருகிறவர்கள் போல ஓடி வந்தார்கள். கையில் இருந்தது மாலை இல்லை, சோடா பாட்டில். அரைமணி நேரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் நகரவில்லை. ஒருவனுக்குக் காது தொங்கியது. பூக்காரம்மா ஒருத்தியின் நெற்றியில் கண்ணாடிச் சில்லு ஏறியது. ஓவியர் கீறல் இல்லாமல் எடுத்த அந்த வில்லை கூட்டத்தின் காலடியில் கிடந்தது. மச்சானின் ஆட்களே அந்த முகத்தின் மேல் ஏறி மிதித்துச் சண்டை போட்டார்கள். போலீஸ் லாரி வந்தபோது அது நார் நாராகிவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். என் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நான்காம் நாள் அவர் தன் மகளிடம் பென்சில் கேட்டு வாங்கி, வலது கையால் செய்தித்தாள் ஓரத்தில் ஏதோ வரைந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்ன வரைந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. எறும்பு மையில் விழுந்து நடந்தது போல இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் டம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தார். கட்டுப் போட்ட கையாலேயே கட்டில் கம்பியைக் குத்தினார். கட்டு சிவந்து நனைந்தது. மகளை ஏதோ திட்டினார், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இரண்டு வார்டு பையன்களும் ஃபாதரும் நானும் சேர்ந்து பிடித்துத்தான் படுக்க வைத்தோம்.

மச்சானை அதற்குள் பிடித்து வைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் காலைத் தூக்கிக் கட்டி உள்ளங்காலில் அடித்தார்கள். என் மனைவி காலையில் எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, அதே தூக்கில் மீதியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள். திரும்பி வந்து, "எங்கண்ணனால நடக்க முடியலைங்க" என்பாள்.  பிறகு தூக்கைக் கழுவப் போவாள்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அடித்தவரை அடையாளம் காட்ட முடியுமா என்று ஃபாதர் மூலமாகக் கேட்டார். பிடிபட்டவரை என்ன செய்கிறீர்கள் என்று ஓவியர் கேட்டார்.

"கவனிக்கிறோம்னு சொல்லுங்க ஃபாதர். நல்லாவே கவனிக்கிறோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஃபாதர் அதையும், ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடிப்பதையும் சொன்னதும் ஓவியர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, நான் ஏணியிலிருந்து விழுந்தேன், ஏணி என் கை மேல் விழுந்தது என்றார். ஃபாதருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் போன பிறகு சத்தம் போட்டார். அப்போதுதான் ஓவியர் அந்தக் கதையைச் சொன்னார். ஃபாதர் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் குரலும் இறங்கிக்கொண்டே போயிற்று.

சண்டைக்காலத்தில் ஜெர்மன்காரர்கள் அவர் ஊரைப் பிடித்திருந்தார்கள். அவருக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது, அச்சகத்தில் வேலை. அன்றன்றைக்குச் சுட்டுக் கொன்றவர்களின் பெயர்களைச் சிவப்புக் காகிதத்தில் அச்சடித்துத் தெருவெல்லாம் ஒட்டுவார்கள். அந்தப் போஸ்டரை அவருடைய அச்சகம்தான் அடித்தது. ஒருநாள் காகிதத்தை மெஷினிலிருந்து எடுத்து அடுக்கும்போது தன் அண்ணன் பெயரைப் பார்த்தார். வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவர் பெயரும் மறுநாள் வரும். சாயங்காலம் தன் தெருவில் அது ஒட்டியிருந்தது. கிழித்தால் சுடுவார்கள். கிழித்தது தெரியாமல் எடுக்க வேண்டும், பெயரும் கிழியக் கூடாது. எச்சிலால் ஓரத்தை நனைத்து, ரொட்டிக் கத்தியைப் பின்னால் விட்டு, முழுசாக உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். புதைக்க அண்ணனின் உடம்பு கிடைக்கவில்லை. அம்மாவிடம் கொடுக்க அந்தக் காகிதம்தான் இருந்தது. சுடுவதற்கு முன் அண்ணனை ஒரு கட்டடத்தில் வைத்து உள்ளங்காலில்தான் அடித்தார்களாம். கூட இருந்து தப்பியவர் வந்து சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சுவரிலிருந்து ஒன்றை உரித்து எடுத்து வருவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சிவப்புத் தரையை மட்டும் அவர் வரையவே இல்லை.

மச்சானை விட்டுவிட்டார்கள். நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "என்னா மாப்ளே, வெள்ளக்காரன் பயந்துட்டானாமே" என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் என் மனைவியின் அண்ணன். ஒவ்வொரு விசேஷத்திலும் பக்கத்து இலைதான் எங்களுக்கு.

ஓவியர் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என் கட்டுப் போட்ட கையைத் தன் வலது கையால் தொட்டுவிட்டுப் போனார். இனி அவர் வரையமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஃபாதரும் அப்படித்தான் சொன்னார்.

ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். ஃபாதர் ஒரு சுருளோடு அச்சகத்துக்கு வந்தார். "ஒண்ணே ஒண்ணுதான் அனுப்பியிருக்கார்ப்பா. உன்னை ஒட்டச் சொல்லியிருக்கார். அதே சுவத்துல" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். வெள்ளைத் தரையில் கறுப்பு ஆடு. பின்னங்காலில் எழும்பி நின்று சுவரைத் தின்கிறது. கால்கள் ஒன்றுக்கொன்று அளவில் சேரவில்லை. கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது, நான் எழுதுவது போல. வலது கையால் வரைந்தது. ஆனால் ஆடு ஆடாகவே இருந்தது, அதற்குப் பசியும் இருந்தது. கீழே அவர்கள் மொழியில் ஒரே ஒரு வரி, ஃபாதருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

"தேதி எங்க ஃபாதர்?" என்றேன்.

"தேதி போடலை. தேதி முடிஞ்சாத்தான் மேல ஒட்டணும்னு நீதானே சொன்ன. அவர் மறக்கலை."

விடியற்காலையில் போய் மண்டிச் சுவரின் நடுவில் ஒட்டினேன். யாரையும் கேட்கவில்லை. படத்தில் ஆடு இருக்கிறதென்று பசையில் மயில்துத்தம் போட மனம் வரவில்லை. ஒட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கினேன். ஓடிப்போகாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெயில் ஏறியபோது மச்சான் வந்தார். பின்னால் அவர் ஆள் புதுப்படப் போஸ்டர் கட்டோடும் வாளியோடும் வந்தான்.

"என்னா மாப்ளே, ஆட்டுக்கு வாதமா?" என்றார். "எந்தத் தியேட்டர்ல?"

"எந்தத் தியேட்டர்லயும் இல்ல மச்சான்."

"எப்ப முடியுது?"

"தேதி இல்ல."

பக்கத்தில் வந்து மேலும் கீழும் தேடினார். அந்த ஒரு வரியை விரலால் தடவிப் பார்த்தார். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. எனக்கென்னவோ அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அவர் ஆள் பிரஷைப் பசையில் முக்கிக்கொண்டு காத்திருந்தான். "ஒட்டிரவாண்ணே?" என்றான்.

மச்சான் அவன் செவிட்டில் ஒரு அறை விட்டார். வாளி கவிழ்ந்தது. "தேதி முடியாததுக்கு மேல எவன்டா ஒட்டுவான்? அந்தப் பக்கம் போய் ஒட்டுறா" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சுவரில் இரண்டு மன்றமும் ஆட்டைச் சுற்றித்தான் ஒட்டின. நடுவில் அது மட்டும் வெள்ளையாக நின்றது. கீழ் மூலையை நிஜ ஆடு ஒன்று தின்றுவிட்டுப் போனது. எழுபத்தேழு வெள்ளத்தில் மண்டிச் சுவரோடு எல்லாம் போயிற்று.

அவர் அதற்குப் பிறகு பத்து வருஷம் வலது கையால் வரைந்தாராம். தபால்தலை போன்ற நுணுக்க வேலை கிடையாது. பிள்ளைகள் புத்தகமும் பொம்மை முகமும்தான், எல்லாம் நடுங்கின கோட்டில். அவர் வரைந்த மொட்டைக் கோபுரம் இப்போது மொட்டையாக இல்லை, கட்டி முடித்துவிட்டார்கள். மச்சான் நன்றாக இருக்கிறார், பேரன் எடுத்துவிட்டார். போன மாதம் காதுகுத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "அந்த ஆளு செத்துட்டானாமே" என்றார். ஆமாம் என்றேன். சாம்பார் வந்தது, பிசைந்து சாப்பிட்டோம்.

எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு ஃபாதர் கீழே தேதி போடச் சொன்னார். தேதி போட்டால் ஒருநாள் யாராவது மேலே ஒட்டிவிடுவார்கள் என்று யோசித்தேன். ஒட்டட்டும். கிழிக்காமல் இருந்தால் போதும்.

26-12-1988, திங்கட்கிழமை, ஸ்ரீரங்கம்.